மேடைக்குப் பின்னால் நிற்க ஆள் வேண்டும்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் கிட்டார் வாசிக்க ஆள் தேடினால் ஒரே நாளில் நாலு பேர் கிடைப்பார்கள். டிரம்ஸுக்கும் பஞ்சமில்லை. ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்த காலத்திலிருந்தே பெரம்பூருக்கு அந்தப் பழக்கம் உண்டு. கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் நிற்கலாம் என்பதை 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல்முறை மேடை ஏறியபோது ஊரே பார்த்துவிட்டது. பஞ்சம் மேடைக்குப் பின்னால்தான். டிரம்ஸ் எப்போது வந்து இறங்கும், கரண்ட் எங்கிருந்து வரும், பத்து மணிக்கு போலீஸ் வந்தால் யார் பேசுவது, வாசித்த பையனுக்குக் காசு எப்போது என்று கேட்டால் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்த வேலையைப் பிழைப்பாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு.

முதலில் பெயர்க் குழப்பம். மேனேஜர் என்பவர் பேண்டின் ஆள். பேண்டின் வருமானத்தில் வழக்கமாக 15 முதல் 20 சதவீதம் அவருக்கு. புக்கிங் ஏஜென்ட் நிகழ்ச்சி பிடித்துக் கொடுப்பவர். பிடித்த நிகழ்ச்சியின் சம்பளத்தில் 10 முதல் 15 சதவீதம். புரமோட்டர் சொந்தப் பணத்தைப் போட்டு, இடம் பிடித்து, டிக்கெட் விற்று, லாபமோ நஷ்டமோ தன் தலையில் ஏற்றிக்கொள்பவர். நம் பக்கம் மூன்றையும் ஒரே ஆள் செய்வார், ஆரம்பத்தில் வேறு வழியும் கிடையாது. ஆனால் சம்பளத்தைக் கூட்டிக் கேட்க வேண்டிய ஆளும் அதைக் குறைத்துப் பேச வேண்டிய ஆளும் ஒருவரே என்றால் பேண்டுக்கு என்றைக்காவது சந்தேகம் வரும். நீங்களே புரமோட்டராக நடத்தும் நிகழ்ச்சியில் மேனேஜர் கமிஷன் எடுக்காதீர்கள். புரமோட்டர் பங்கு மட்டும் போதும். இதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

‘பாத்துக்கலாம் தலைவா’ என்பது ஒப்பந்தம் ஆகாது. இரண்டு பக்கம் எழுதினால் போதும், தமிழிலேயே எழுதலாம். கமிஷன் மொத்த வரவின் மேலா, செலவு போன மிச்சத்தின் மேலா? இந்த ஒரு வரி இல்லாததால்தான் பாதி பேண்டுகள் உடைகின்றன. ஒப்பந்தம் எத்தனை நாளைக்கு? முதல் தடவை ஒரு வருடத்துக்கு மேல் போகாதீர்கள். பிரிந்த பிறகு, நீங்கள் ஏற்கெனவே பிடித்துக் கொடுத்த நிகழ்ச்சிகளில் உங்கள் பங்கு எவ்வளவு, எதுவரை? பாடகர் விலகினால் பேண்டின் பெயர் யாருக்கு? பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய, பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் தனிநபர் பெயரில் இணையத்தில் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பேண்ட் பெயர் போட்ட பனியன் விற்கும் எண்ணம் இருந்தால் 25ஆம் வகுப்பும் சேர்த்து. பனியன் என்று அலட்சியம் வேண்டாம். லிவர்பூலில் ரெக்கார்டு கடை பார்த்துக்கொண்டிருந்த பிரையன் எப்ஸ்டைன்தான் பீட்டில்ஸை உலகத்துக்குக் கொண்டுபோனார். குழுவின் பெயரில் பொம்மையும் விக்கும் விற்கும் உரிமையை, 90 சதவீதம் வெளியாளுக்குப் போகிற மாதிரி எழுதிக் கொடுத்ததும் அவர் தரப்புதான். பாட்டு மேல் கண் வைத்து, பொருளில் கோட்டைவிட்ட கதை.

தொழில் கற்க எங்கும் படிப்புக்குச் சேர வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் ஒரு சவுண்டு சர்வீஸில் ஆறு மாதம் ஏற்றி இறக்கப் போங்கள். ஆடி மாதம் கூழ் வார்க்கும் கோயில்களுக்குக் கச்சேரி செட் போடுகிறவர்களுக்குத் தெரிந்த அளவு மேடைத் தொழில் பல பெரிய நிறுவனங்களுக்குத் தெரியாது. மூன்று மணி நேரத்தில் நடுத்தெருவில் மேடை எழுப்பி, பத்து மணிக்குப் பிரித்துக் காலையில் பஸ் போகிற மாதிரி விடுவார்கள். அங்கே முதலில் கற்க வேண்டியது கேபிள் சுருட்டுவது. முழங்கையில் சுற்றிச் சுருட்டினால் உள்ளே ஒயர் முறுக்கேறிச் சீக்கிரம் அறுந்துவிடும். ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று உள்பக்கமாகத் திருப்பி என்று மாறி மாறிச் சுருட்ட வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கரையோர இடங்களில் உப்புக் காற்று கிட்டார் ஒயரின் ஜாக்கையும் மைக் ஒயரின் எக்ஸ்எல்ஆர் முனைகளையும் அரித்துவிடும். கரகர சத்தத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா எப்போதும் பையில் இருக்கட்டும்.

அடுத்து நாட்காட்டி. வடசென்னையில் தேதி பிடிப்பதிலேயே பாதி நிகழ்ச்சி முடிந்துவிடும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாக இருக்கும். ஆனால் அம்மன் கோயில் திருவிழாவால் ஒரு மைக் செட்டும் கையில் கிடைக்காது. மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களைத் தவிர்த்தால் மண்டபம், சவுண்டு, பந்தல் மூன்றும் பேரம் பேசக் கிடைக்கும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் முதல் பாதி வரை திறந்தவெளியை நினைக்கவே வேண்டாம். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திமுகவின் முதல் கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த மேடையில் மழையில் கெட்டுப்போக டிஜிட்டல் மிக்ஸர் (ஒலிகளைக் கலக்கும் கருவி) இல்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு, புள்ளைங்க படிக்கிற நேரத்தில் சத்தம் என்று ஒரு புகார் போனாலே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது காசிமேட்டைச் சுற்றி யார் கையிலும் காசு புழங்காது, 400 ரூபாய் டிக்கெட் விற்காது. இலவச நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் பிடிக்க முடிந்தால் அதே காலத்தில் கூட்டம் தானாக வரும்.

இனி கணக்கு. பெரிய மைதானத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சி என்ற கனவைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, 250 பேர் நிற்கிற ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். கூட்டம் நிற்கும் தரை 1,500 சதுர அடி. நின்று பார்க்கும் ஆளுக்கு ஐந்தரை சதுர அடி என்றால் 270 சொச்சம் வரும், 250இல் நிறுத்திவிட வேண்டும். ஒரு மாதிரிச் செலவு: ஹால் 12,000, சவுண்டும் லைட்டும் 20,000, டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்களும் (கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டிகள்) 8,000, ஜெனரேட்டர் 7,000, பாதுகாப்பு ஆட்கள் 4,000, போஸ்டரும் டிக்கெட் விற்கும் இணையதளத்தின் கமிஷனும் 5,000, சாப்பாடு, தண்ணீர், வண்டி 4,000. மொத்தம் 60,000. டிக்கெட் 300 ரூபாய் என்றால் 200 பேர் வந்தால்தான் அசல் வரும். அதாவது ஹாலில் 80 சதவீதம் நிறைய வேண்டும், ஒரு மழை வந்தால் நீங்கள் காலி. 400 என்று வைத்தால் 150 பேரிலேயே அசல் வந்துவிடும், 60 சதவீதம். அசல் 60 சதவீதத்துக்கு மேல் போகிற நிகழ்ச்சியைத் தொடாதீர்கள்.

220 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 88,000, செலவு போக 28,000. பேண்டுக்கு 80, புரமோட்டருக்கு 20 என்று பேசியிருந்தால் பேண்டுக்கு 22,400, புரமோட்டருக்கு 5,600. மேனேஜர் வேறு ஆளாக இருந்து 20 சதவீதம் எடுத்தால் 4,480. மிச்சம் 17,920ஐ ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு 3,584 ரூபாய். சிரிப்பு வரலாம். ஆனால் இதே ஹாலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்தினால் நாலாவது தடவை போஸ்டர் செலவு குறையும், ஹால்காரர் வாடகை குறைப்பார், 220 பேரின் போன் எண் கையில் இருக்கும். அந்தப் பட்டியல்தான் புரமோட்டரின் சொத்து. அதை வைத்துத்தான் 800 பேர் அரங்கத்துக்கு ஸ்பான்சரிடம் பேச முடியும்.

டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருந்தால் இசை நிகழ்ச்சி நுழைவுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் 18 சதவீதம். 499க்கும் 550க்கும் உள்ள வித்தியாசம் 51 ரூபாய் இல்லை என்பது அப்போது புரியும். மாநகராட்சியின் கேளிக்கை வரி தனி. மண்டல அலுவலக வருவாய்ப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக்கு வருவோம். உள்ளூர் காவல் நிலையத்தில் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே கடிதம் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், எத்தனை பேர், இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், வண்டி நிறுத்துமிடம், பொறுப்பாளரின் பெயர், எண் எல்லாம் அதில் வரவேண்டும். மணலி, எண்ணூர் பக்கம் என்றால் 2022 முதல் ஆவடி ஆணையரகம். சென்னை ஆணையரகத்தில் போய் நின்று ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள். மீனவக் கிராமம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். காகிதத்தில் அது எங்கும் இல்லை, ஆனால் அதுதான் முதல் அனுமதி. தெருவில் சாவு விழுந்துவிட்டால் அன்றைக்கு நிகழ்ச்சி கிடையாது. அதை வாதாடிப் பார்க்கிறவன் இந்த ஊரில் இன்னொரு நிகழ்ச்சி நடத்த மாட்டான். மாற்றுத் தேதியும், முன்பணத்தை அந்தத் தேதிக்கு வரவு வைப்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

சத்தத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில் அந்த அளவுக்கு மேல் 10, அல்லது 75, இரண்டில் எது குறைவோ அது. ஆகக் குடியிருப்பு நடுவே உள்ள மைதானத்தில் எல்லைக்கோட்டில் 65 டெசிபல்தான். மைக்கே இல்லாமல் டிரம்ஸ் வாசித்தாலே பக்கத்தில் 100ஐத் தாண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ராக் நிகழ்ச்சிக்கு மைதானத்தைவிட மூடிய ஹால் மேல் என்று சொல்வதற்கு இதுதான் காரணம், குளிர்சாதனம் இல்லை.

ஆனால் நம் ஹால்கள் பெரும்பாலும் கல்யாண மண்டபங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான கூரை. டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலைத் தட்டினால் அடுத்த பாட்டு வரை ஒலிக்கும். சவுண்டுகாரர் என்ன செய்தாலும் பாட்டுவரி புரியாது. பந்தல்காரரிடம் தடிப்பான துணித் திரையும் தரைவிரிப்பும் வாடகைக்கு எடுத்து, பின்சுவர் முழுக்கத் தொங்கவிடுங்கள், டிரம்ஸுக்கு அடியில் விரியுங்கள். ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்து நிறுத்தாமல் கூட்டத்தின் தலையைப் பார்த்துச் சற்றே கீழே சாய்க்க வேண்டும். கிட்டார் ஆம்ப் சின்னதாக இருக்கட்டும். 100 வாட் அடுக்கு ஆம்ப் மண்டபத்துக்குத் தேவையே இல்லை. காலி ஹாலில் சவுண்டு செக் செய்யும்போது மோசமாகத்தான் கேட்கும். ஆட்கள் நிறைந்ததும் எதிரொலி குறையும், அதனால் பயந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம்.

கரண்ட்டில்தான் நிகழ்ச்சிகள் சாகின்றன. மண்டபத்துக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று மேலாளரிடம் கேளுங்கள். ‘ஏசியெல்லாம் ஓடுதே’ என்பது பதில் ஆகாது. ஹால் அளவு நிகழ்ச்சிக்கு 62.5 கேவிஏ சைலன்ட் ஜெனரேட்டர் தாராளம். அது ஏறத்தாழ 50 கிலோவாட். பாதி லோடில் மணிக்கு ஏழெட்டு லிட்டர் டீசல் குடிக்கும். வாடகைப் பேச்சில் டீசல் யாருடையது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸில் ஒன்றைச் சவுண்டுக்கு என்றே ஒதுக்கி, லைட்டை வேறு ஃபேஸில் போட வேண்டும். ஒன்றாகப் போட்டால் லைட் மங்கும்போதெல்லாம் கிட்டாரில் ஜ்ஜ் என்று இரையும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கிட்டார்காரர் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்த உடனே ஷாக் அடிக்கலாம். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்குகிற ஆளை மேடையை விட்டே இறக்குங்கள். உயிர் போகிற வேலை அது.

மேடையில் பேண்டுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும் ரைடர் என்ற காகிதத்தை பேண்ட் பக்கம் தயார் செய்வது மேனேஜர் வேலை. யார் எங்கே நிற்பார்கள் என்ற மேடைப் படம் ஒன்று, மிக்ஸருக்குள் போகும் ஒலிகளின் உள்ளீட்டுப் பட்டியல் ஒன்று. நாலு பேர் பேண்டுக்கு டிரம்ஸ் ஏழு சேனல் (மிக்ஸருக்குள் போகும் தனித்தனி வழி), பேஸ் ஒன்று, கிட்டார் இரண்டு, குரல் மூன்று என 13 வரும். பறை, டோலக், புல்புல் தாரா சேர்ந்தால் 18 வரை போகும். 16 சேனல் மிக்ஸர் வந்து நின்றால் தகராறு. வாசிப்பவர்களைப் பார்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் எத்தனை, யாருக்கு அதில் எது கேட்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பறைக்குத் தனி வரி வேண்டும்: ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும், வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். ஹாலுக்குள் நெருப்பு கூடாது என்பதால் வெளியே ஒதுக்குப்புறமாக இடமும், தண்ணீர் வாளியும், ஹால்காரரின் சம்மதமும் முன்கூட்டியே தேவை. வேறு ஊர் சவுண்டுகாரர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

ரைடரை எதிர்த்தரப்பு படித்தார்களா என்று பார்க்க வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழு ஒரு தந்திரம் வைத்திருந்தது: மேடைக்குப் பின்னால் வைக்கும் கிண்ணத்தில் பழுப்பு நிற எம் அண்ட் எம் மிட்டாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மேடை எடை தாங்கும் கணக்கையும் படித்திருக்க மாட்டார்கள் என்று மேடை முழுக்கச் சோதிப்பார்கள். நீங்கள் ‘மேடை ஓரம் இரண்டு எலுமிச்சம்பழம்’ என்று போட்டுப் பாருங்கள். திருஷ்டிக்கு என்று நினைத்தாவது வைத்துவிடுவார்கள்.

அன்றைய நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். பத்து மணிக்குச் சத்தம் நிற்க வேண்டும் என்றால் காகிதத்தில் 9.15க்கு முடியுங்கள், முக்கால் மணி தாமதம் எப்படியும் வரும். முதல் பேண்ட் 6 முதல் 6.30, இரண்டாவது 6.45 முதல் 7.30, கடைசி பேண்ட் 7.50க்கு ஏறும். கதவு 5.30. சவுண்டு செக் தலைகீழ் வரிசையில்: கடைசியில் வாசிப்பவர் முதலில் செக் செய்வார், முதலில் வாசிப்பவர் கடைசியில். அப்போதுதான் அவர் வைத்த இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கும். மதியம் 12க்கு வண்டி வர வேண்டும். துறைமுகக் கன்டெய்னர் லாரிகள் மணலி, எண்ணூர் சாலைகளில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரம் போய்விடும், ஆகவே டெம்போவைக் காலையிலேயே கிளப்பிவிடுங்கள். ரசிகர்களுக்கு விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது. கடைசி ரயில் நேரத்தை டிக்கெட்டிலேயே அச்சிட்டால் வண்டி நிறுத்தும் சிக்கல் பாதியாகக் குறையும்.

கூட்டத்தை எண்ணுவதற்குக் கதவில் இரண்டு பேர், கையில் கிளிக்கர். 250க்கு மேல் எம்எல்ஏவின் மச்சான் வந்தாலும் உள்ளே கிடையாது. 2023 செப்டம்பரில் பனையூரில் நடந்த ஏ. ஆர். ரகுமான் நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்களிலேயே பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். 2011இல் குர்கானில் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழு வாசிக்காமலே நிகழ்ச்சி ரத்தாகி, கூட்டம் மேடையை அடித்து நொறுக்கி, நடத்தியவர்கள் கைதானார்கள். மேடைக்கு முன் போடும் தடுப்பு கல்யாணத்துக்குக் கட்டுகிற சவுக்குக் கட்டையாக இருக்கக் கூடாது. பார்வையாளரே ஏறி நிற்கும் அடித்தட்டு உள்ள இரும்புத் தடுப்பு வேண்டும். அவர்கள் எடையே அதைச் சாயவிடாமல் பிடிக்கும்.

பணத்தில் பேண்டின் சம்பளம் உறுதித்தொகை என்றால் பாதி கையெழுத்தின் போது, மீதி சவுண்டு செக்குக்கு முன். பாடி முடித்த பேண்டுக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. கல்லூரி விழாக்கள் என்றால் இன்வாய்ஸ், பான் எண், வங்கி விவரம் கேட்பார்கள். பணம் மாசக்கணக்கில் இழுக்கும், சில சமயம் வரி பிடித்துத்தான் வரும். வருமானம் குறைவு என்றால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம் என்பது பல பையன்களுக்குத் தெரிவதில்லை, அந்தப் பணம் அப்படியே போய்விடுகிறது. இதைப் பார்த்துத் தருகிற மேனேஜரை பேண்ட் விடாது.

பாட்டு உரிமையும் அப்படித்தான். சினிமாப் பாட்டை மேடையில் வாசித்தால் நிகழ்ச்சி நடத்துபவர், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸிடம் உரிமம் எடுக்க வேண்டும். இடைவேளையில் பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில் போட்டால் அதற்கு வேறு உரிமம். சொந்தப் பாட்டு எழுதும் பையன்களை ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராக்கிப் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டி பங்கை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. ‘மொத்த உரிமையும் எங்களுக்கே’ என்று ஒரு நிறுவனம் காகிதம் நீட்டினால் அந்த வரியைக் காட்டிப் பேசுங்கள்.

நிகழ்ச்சி முடிந்த இரவே ஒரு பக்கக் கணக்கு எழுத வேண்டும்: விற்ற டிக்கெட், இலவச டிக்கெட், ஒவ்வொரு செலவுக்கும் பில், மிச்சம், பங்கு. பேண்டிலிருந்து ஒருவர், புரமோட்டர், மேனேஜர் மூவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். காலையில் என்றால் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. அதற்குள் மைக்குகளை எண்ணிப் பெட்டியில் போட்டு, திரையைப் பந்தல்காரரிடம் ஒப்படைத்து, மண்டபத்து நாற்காலிகளை எண்ணி வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு நாற்காலி குறைந்தால் டெபாசிட்டில்தான் கழிப்பார்கள்.